பசிபிக் சூரைக் கப்பல்களில் வேலை பார்த்தவர்கள் இருக்கிறீர்களா?

வணக்கம். மீன்வளம் படிக்கும் மாணவர்களுக்காக, மேற்குப் பசிபிக் சூரைமீன் பிடிப்பு பற்றித் தமிழில் ஒரு பாடம் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஓரிடத்தில் சிக்கி நிற்கிறேன், கொஞ்சம் உதவுங்கள்.

கிரிபாட்டி, துவாலு, நவ்ரு உள்ளிட்ட எட்டு நாடுகள் சேர்ந்து சுருக்குமடிக் கப்பல்களுக்கு நாள் கணக்கில் அனுமதி விற்கின்றன. ஒரு நாளுக்கு இவ்வளவு கட்டணம், மொத்த நாட்களுக்கு ஒரு வரம்பு. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அதே ஒரு நாளில் கப்பல் பிடிக்கும் அளவு கூடிக்கொண்டே போகிறதே! மீன்கள் அடியில் வந்து கூடுவதற்காகக் கடலில் விடும் மிதவைகளில் எதிரொலிக் கருவி பொருத்துகிறார்கள். அடியில் எவ்வளவு மீன் கூடியிருக்கிறது என்று அது செயற்கைக்கோள் வழியே சொல்லிவிடுகிறது. கப்பல் தேடி அலைய வேண்டியதில்லை, நேராகப் போய் வலையை வளைத்தால் போதும். பெருங்கண் சூரைக் குஞ்சுகளும் அதில் சேர்ந்து மாட்டுகின்றன. அதுதான் என் கவலை.

என் முதல் கேள்வி: இப்படிக் கூடும் திறனை நாள் வரம்பில் எப்படிக் கழிக்கிறார்கள்?

அப்புறம், திருட்டு மீன்பிடிப்பு என்றதும் எந்த நாட்டிலும் பதியாத, கொடியில்லாத கப்பல்தான் நினைவுக்கு வருகிறது. பசிபிக் தீவு நாடுகளுக்காக 2016இல் வந்த மதிப்பீடோ, உரிமம் உள்ள கப்பல்கள் பிடியைத் தவறாகக் கணக்குக் காட்டுவதே பெரும்பகுதி என்றது. நீண்ட கயிற்றில் வரிசையாகத் தூண்டில் கட்டிப் பிடிக்கும் நெடுந்தூண்டில் கப்பல்களில், பிடியைப் பார்த்துப் பதியும் கண்காணிப்பாளர் இருக்க வேண்டிய கட்டாய அளவு வெறும் 5 சதவீதம். மற்ற பயணங்களின் பதிவேட்டை எதை வைத்துச் சரிபார்க்கிறார்கள்?

கப்பலிலோ துறைமுகத்திலோ நேரில் பார்த்தவர்கள் சொன்னால் மிகவும் உதவியாக இருக்கும். கப்பல் பெயரெல்லாம் வேண்டாம், நடைமுறை தெரிந்தால் போதும்.