ஃபெர்ரோ கர்ரில் ஓயெஸ்தே: தோல்வியே காணாமல் பட்டம் வென்ற கழகம் இரண்டாம் பிரிவில் இருப்பது ஏன்?

கேள்வி – பழையபேட்டை, கிருஷ்ணகிரி

வணக்கம். அர்ஜென்டினாவின் இரண்டாம் பிரிவில் ஆடும் இந்தக் கால்பந்துக் கழகத்தைப் பற்றிச் சில வாரங்களாகப் படித்து வருகிறேன். இருப்புப்பாதை ஊழியர்கள் தொடங்கிய கழகம் என்பதே என்னை முதலில் ஈர்த்தது. திருப்பத்தூரிலிருந்து வந்துகொண்டிருந்த சிறிய ரயில் நின்றுபோன பின், மாவட்டத் தலைநகராகியும் ரயில் நிலையமில்லாத ஊரில் வாழ்பவனுக்கு அந்த ஈர்ப்பு இயல்பானதே. 1982-இல் ஓர் ஆட்டத்தில்கூடத் தோற்காமல் தேசியப் பட்டம் வென்றவர்கள், இருபது ஆண்டுகளுக்கும் மேலாக மேல் பிரிவுக்குத் திரும்பாதது எதனால்? அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பதில் – பென்னாகரம், உடற்கல்வி ஆசிரியர்

ஐயா, ஸ்பானிய மொழியில் அப்பெயருக்கு 'மேற்கு இருப்புப்பாதை' என்றே பொருள். அர்ஜென்டினாவின் முதல் ரயில் 1857-இல் புவெனஸ் அயர்ஸிலிருந்து மேற்கு நோக்கித்தான் ஓடியது. அந்தப் பாதையின் ஊழியர்கள் 1904 ஜூலை 28 அன்று கழகத்தைத் தொடங்கி, கபஷிட்டோ பகுதியில் தண்டவாளத்தை ஒட்டி 1905-இல் மைதானம் திறந்தார்கள். இன்றும் அணியின் சொந்த மைதானம் அதுவே.

பல பத்தாண்டுகள் எளிய அணியாகவே இருந்த ஃபெர்ரோவை மாற்றியவர், 1980-இல் பொறுப்பேற்ற பயிற்றுநர் கார்லோஸ் கிரிகோல். 1981-இல் மாரடோனா ஆடிய போகா ஜூனியர்ஸிடம் ஒரே ஒரு புள்ளியில் பட்டத்தை இழந்தார்கள். அதே ஆண்டின் தேசியப் போட்டி இறுதியில் ரிவர் பிளேட்டிடம் தோற்றார்கள். மறு ஆண்டு கில்மெஸ் அணியை இறுதியில் வென்று முதல் பட்டம் பெற்றார்கள். 1984-இல், முன்பு தோற்ற அதே ரிவரை அவர்களுடைய மைதானத்திலேயே 3–0 என வீழ்த்தி மீண்டும் வென்றார்கள். பிற்காலத்தில் வலென்சியா அணியை ஐரோப்பிய இறுதியாட்டம் வரை இருமுறை அழைத்துச் சென்ற எக்டர் கூப்பர், அன்று ஃபெர்ரோவின் தடுப்பாட்டக்காரர். வீரர்கள் கார் வாங்குமுன் வீடு வாங்க வேண்டும் என்று கிரிகோல் வற்புறுத்தியதை நான் மாணவர்களிடம் அடிக்கடி சொல்வதுண்டு.

பதில் – ஓசூர்

வீழ்ச்சியைப் பற்றி நான் சொல்கிறேன். அந்நாட்டில் ஓர் ஆண்டின் கடைசி இடத்தை மட்டும் பார்த்து அணிகளைக் கீழிறக்கவில்லை. 1983 முதல், சில பருவங்களின் புள்ளிகளைக் கூட்டி, ஆடிய ஆட்டங்களால் வகுத்த சராசரியைக் கொண்டு முடிவு செய்தார்கள். இம்முறையில் ஒரு மோசமான ஆண்டைத் தாங்கிவிடலாம், தொடர்ந்து நலிந்தால் தப்ப வழியில்லை. 1990-களில் ஃபெர்ரோ அப்படித்தான் நலிந்தது. 2000-இல் முதல் பிரிவையும், அடுத்த ஆண்டே இரண்டாம் பிரிவையும் இழந்தது. 2002-இல் கடன் முற்றித் திவாலானது. திவாலான விளையாட்டுக் கழகங்களை உடனே கலைத்து விற்காமல், நீதிமன்றக் கண்காணிப்பில் அறங்காவலர்கள் நடத்த வழிசெய்யும் சட்டம் 2000-இலேயே வந்திருந்ததால் அது பிழைத்தது. 2003-இல் இரண்டாம் பிரிவுக்கு ஏறினாலும், திவால்நிலை நீங்கப் பத்தாண்டுகளுக்கும் மேலாயின. அங்கே கழகம் முதலாளியின் சொத்தன்று, உறுப்பினர்களின் சங்கம்; பணக்காரர் ஒருவர் வாங்கிக் கடனை அடைத்துவிடவும் இயலாது. அந்நிலையிலும் மைதானம் கைமாறாமல் நின்றதையே நான் பட்டங்களைவிடப் பெரிதாக மதிக்கிறேன்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. கிரிகோல் கூடைப்பந்திலிருந்து உத்திகளை எடுத்தார் என்றும் படித்தேன். அது உண்மையா, ஆசிரியர் ஐயா?

பதில் – பென்னாகரம், உடற்கல்வி ஆசிரியர்

உண்மைதான். ஃபெர்ரோவின் கூடைப்பந்து அணி அதே 1981, 1982 ஆண்டுகளில் தென்னமெரிக்கப் பட்டங்களை வென்றது; அதன் பயிற்றுநர் லியோன் நஹ்னுடெலும் கிரிகோலும் ஒரே வளாகத்தில் பணியாற்றினார்கள். எதிரணித் தடுப்பாளரின் வழியில் ஒருவர் திரைபோல நின்றுகொள்ள, மற்றவர் தனித்து ஓடும் கூடைப்பந்து உத்தியைக் கிரிகோல் மூலை உதைகளுக்குக் கொண்டுவந்தார். சென்ற மாதம் எங்கள் பள்ளி மாணவர்களிடம் இதைச் செய்து பார்த்தேன். முதலில் திரையாக நின்றவன் தடுப்பாளரை நோக்கி நகர்ந்து தவறு செய்துகொண்டே இருந்தான். முன்னரே இடம்பிடித்து அசையாமல் நிற்பதை விதி தடுக்கவில்லை, குறுக்கே நகர்வதைத்தான் தடுக்கிறது என்று சுண்ணாம்பால் ஒரு வட்டம் போட்டு அதற்குள் நிற்க வைத்த பிறகே புரிந்துகொண்டான்.