கருப்பு நுரையீரல் (நிலக்கரித் தூசியால் வரும் நுரையீரல் நோய்) உதவித்தொகை மறுக்கப்பட்டது, விசாரணை கேட்க 9 நாள்தான் இருக்கிறது

அமெரிக்காவில் மேற்கு வர்ஜீனியா, பெக்லி பக்கம். கணவர் இந்த ஊர்க்காரர். மாமனாருக்கு வயது 68. 22 வருடம் நிலத்தடி நிலக்கரிச் சுரங்கத்தில் உழைத்தவர். இப்போது பத்துப் படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது, இரவில் உட்கார்ந்தபடிதான் தூக்கம்.

மூன்று வாரம் முன்பு நிராகரிப்புக் கடிதம் வந்தது. முழு இயலாமை நிரூபணமாகவில்லையாம். அதை நிரூபித்துவிட்டால், 15 வருடத்துக்கு மேல் நிலத்தடியில் இருந்தவருக்குக் காரணம் சுரங்கத் தூசிதான் என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும்.

எக்ஸ்ரே, மூச்சுத்திறன் பரிசோதனை எல்லாம் கொடுத்தாயிற்று. இரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று பார்க்கும் இரத்த வாயுப் பரிசோதனையை மட்டும் ஓய்வாக இருக்கும்போதே எடுத்தார்கள். நடக்கவைத்து எடுக்கவே இல்லை. எனக்கு அதுதான் உறுத்துகிறது. இரண்டு வக்கீல்கள் கைவிரித்துவிட்டார்கள். விசாரணை கேட்க 30 நாள் கெடு.

முதலில் விசாரணை கேட்டுவிட்டு, அப்புறம் நடக்கவைத்து எடுத்த பரிசோதனையைப் புதிய ஆதாரமாகச் சேர்த்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?