கர்ப்பத்தின் ஆரம்ப மாதத்தில் ரத்தம் பட்டபோது: உங்கள் அனுபவம்?

வைகைக்கரை:
கடைசியாகத் தலைக்குக் குளித்த நாளிலிருந்து கணக்குப் பார்த்தால் ஏழாவது வாரம். விடியற்காலையில் பாத்ரூம் போனால் உள்ளாடையில் காப்பித்தூள் நிறத்தில் ஒரு திட்டு, ஐந்து ரூபாய் நாணயம் அளவு. வலி இல்லை. முந்தின நாள் டவுன் பஸ்ஸில் போனதுதான் காரணம் என்றார் மாமியார். அம்மாவோ போனில், "பப்பாளி ஏதும் தின்னியா?" நான் தின்றது இரண்டு இட்லி.

ஸ்கேனில் டாக்டரம்மா திரையைத் திருப்பிக் காட்டினார். அரிசி மணி போல ஒன்று, அதற்குள் படபடவென்று ஒரு மினுக்கம். கருப்பைக்குள்ளே, கரு இருக்கும் பைக்கு ஓரமாகக் கொஞ்சம் ரத்தம் கட்டியிருந்ததாம். பழுப்பாக வந்தது அந்தப் பழைய ரத்தம். முதல் மூன்று மாதத்தில் ஏறக்குறைய நாலில் ஒருத்திக்கு இப்படி ஏதாவது படுமாம். படுத்தே கிடந்தால்தான் கரு தங்கும் என்பதற்கும் ஆதாரம் இல்லையாம். "பஸ்ஸால எதுவும் ஆகலைம்மா" என்று மாமியாரிடமே அவர் சொன்னது மாத்திரையைவிட நன்றாக வேலை செய்தது. பத்து நாள் கசிந்து நின்றது. அந்த அரிசி மணிக்கு இப்போது 3 வயது.

ஓ நெகட்டிவ்காரி:
எனக்குப் பழுப்பில் தொடங்கி மறுநாளே சிவப்பு, கட்டி கட்டியாக. ஸ்கேனில் துடிப்பு இல்லை. அழுததெல்லாம் தனிக் கதை. சொல்ல வந்தது வேறு: எனக்கு நெகட்டிவ் ரத்தம், வீட்டுக்காரருக்கு பாசிட்டிவ். 72 மணி நேரத்துக்குள் ஆன்டி-டி ஊசி போட்டார்கள், அடுத்த குழந்தையின் ரத்தத்தை என் உடம்பு எதிரியாக நினைக்காமல் இருக்க. இவ்வளவு சீக்கிரத்தில் அது தேவையா என்பதில் டாக்டருக்கு டாக்டர் கருத்து வேறுபடும். ஆனால் யாரும் கேட்காவிட்டாலும் உங்கள் குரூப்பை முதலில் சொல்லிவிடுங்கள்.

மாடிவீட்டு மல்லி:
அளவைப் பார்த்து ஏமாந்தவள் நான். லேசாகத்தான் பட்டது. ஆனால் அடிவயிற்றில் வலது பக்கம் மட்டும் குத்தல், அப்புறம் தோள்பட்டை நுனியில் வலி. வாயு என்று மோரில் பெருங்காயம் கரைத்துக் குடித்தேன்! சாயங்காலம் கண் இருட்டிக்கொண்டு வந்தது. கரு கருப்பைக்கு வராமல் கருக்குழாயிலேயே தங்கி, குழாய் வெடித்திருக்கிறது. உள்ளே பெருகும் ரத்தம் நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் இருக்கும் உதரவிதானத்தை உறுத்தினால் வலி தோளில் தெரியுமாம். அன்று ராத்திரியே ஆபரேஷன், இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். வெளியே பட்டதோ ஒரு பேடில் பாதிகூட நனையவில்லை.