கிர்ஸ்டன்பாஷ் தோட்டம்: முட்டி வலி இருக்குற அம்மாவோட போனா எதெல்லாம் பாக்கலாம்?

டர்பன் செல்வி:
வணக்கம். ஊர்லேர்ந்து அம்மா வந்திருக்காங்க, ஆகஸ்ட் கடைசில கேப்டவுன் கூட்டிட்டு போறோம். அவங்களுக்கு செடின்னா உசுரு, மொட்டைமாடி பூரா தொட்டிதான், ஆனா முட்டி வலி, மேடு ஏற முடியாது. கிர்ஸ்டன்பாஷ் மலைச்சரிவுல இருக்குன்றாங்களே, எத விடக்கூடாதுன்னு சொல்லுங்க.

கேப்டவுன் வாசி:
தாராளமா கூட்டிட்டு வாங்க. முதல் கேட்ல இறங்குங்க, கிட்டயே கண்ணாடி வீடு இருக்கு, உள்ள தரை சமமா இருக்கும். அங்க வெல்விட்சியான்னு நமீப் பாலைவனச் செடி, ஆயுசு பூரா ரெண்டே இலைதான், அதுவே நுனி கிழிஞ்சு கிழிஞ்சு நீண்டுகிட்டே போகும், அம்மா கண்டிப்பா நின்னு பாப்பாங்க. அப்புறம் வாசனைத் தோட்டம். பாத்திய உயரமா கட்டியிருக்காங்க, குனியவே வேணாம். பெலர்கோனியம்னு வாசனை இலைச் செடி, அதோட இலைய ரெண்டு விரல்ல லேசா தேய்ச்சு மோந்து பாக்க சொல்லுங்க, ஒண்ணு எலுமிச்சை, ஒண்ணு ரோஸ், வெல்வெட் மாதிரி இருக்குறது புதினா. கண்ணு தெரியாதவங்களுக்கு ப்ரெயில் போர்டும் இருக்கு. செம்பருத்தி, மல்லிகைன்னு நம்ம ஊர் பூவ தேட வேணாம், தென்னாப்பிரிக்கா செடிங்களுக்குன்னே 1913ல ஆரம்பிச்ச தோட்டம். ப்ரோட்டியாங்குற தென்னாப்பிரிக்கா பூச்செடிங்க பகுதி மேல இருக்கு, அம்மாவுக்கு கஷ்டம், விட்டுடலாம்.

ஈச்சங்காடு:
சைக்கட் பகுதிய விட்டுடாதீங்க, பாக்க ஈச்சமரம் மாதிரி இருக்கும், ஆனா டைனோசர் காலத்து வம்சம். அதுல வுடி சைக்கட்னு ஒண்ண கூண்டு போட்டு காப்பாத்துறாங்க. 1895ல நட்டால் பக்கம் ஙோயே காட்டுல ஜான் மெட்லி வுட்னு ஒரு தாவரவியலாளர் கண்டுபிடிச்சது, அதுக்கப்புறம் காட்டுல வேற மரமே கிடைக்கல, கிடைச்சது ஆண் மரம், பெண் மரம் இன்னிவரைக்கும் இல்ல. அதனால விதையே கிடையாது, பக்கக்கன்னு பிரிச்சு நட்டுதான் வம்சம் ஓடுது. நீங்க டர்பன்தானே, அந்த மூல மரத்தோட தண்டுங்களே உங்க ஊர் பொட்டானிக் கார்டன்ல நிக்குது, கெளம்புறதுக்கு முன்னாடி அம்மாவ அங்க கூட்டிட்டு போயிடுங்க, எனக்கு அத நெனச்சாலே மனசு கனக்கும்.

கேப்டவுன் வாசி:
இன்னொண்ணு, ஆகஸ்ட்ல மழை இருக்கும். டெய்சி பூவெல்லாம் வெயில் அடிச்சாதான் விரியும், மேகமா இருந்தா மூடிக்கும், அதனால வெயில் நாளா பாத்து பதினோரு மணிக்கு மேல போங்க.

டர்பன் செல்வி:
ரொம்ப நன்றிங்க, அப்ப முதல்ல டர்பன் மரம்தான். இட்லி கட்டி எடுத்துட்டு போனா உள்ள விடுவாங்களா?

கேப்டவுன் வாசி:
விடுவாங்க, புல்தரைல உக்காந்து சாப்பிடலாம். கினிக்கோழி வந்து சுத்தி நிக்கும், அதுங்களுக்கு மட்டும் போடாதீங்க.