தூர்வாரிய பில் பாஸ் ஆகிவிட்டது, ஆழம் மட்டும் வரவில்லை: எந்தக் கணக்கைக் கேட்க வேண்டும்?

வடகரை:
வணக்கம். வடசென்னையில் ஃபைபர் படகுகளும் சின்ன விசைப்படகுகளும் நிறுத்திக் கட்டும் ஓர் அரசுப் படகுத்துறை. முகப்பில் தூர்வாரிச் சில மாதம்தான் ஆகிறது. வத்தத்தில் (கடல் மட்டம் இறங்கும்போது) இப்போதும் புரொப்பல்லர் தரை தட்டுகிறது. படகு அணையும் தளத்தின் அடியில் சிமென்ட் பெயர்ந்து கம்பி தெரிகிறது, அதுவும் போன முறை பூசிய அதே இடத்தில். மனு கொடுத்தால் "ஆவன செய்யப்படும்" என்று ஒரு வரி வருகிறது. இதைக் கண்காணிக்க வேண்டியது யார்? தகவல் உரிமைச் சட்டத்தில் எதைக் கேட்டால் பிடி கிடைக்கும்?

கோப்புக்கட்டு:
முதலில் மூன்றைத் தனித்தனியாகப் பிரித்துக்கொள்ளுங்கள்: நிலம் யாருடையது, பராமரிப்பு யார் பொறுப்பு, வசூல் யார் கணக்கில் போகிறது. மூன்றுக்கும் ஒரே பதில் வரும் என்று நினைத்தால் அங்கேயே அலைச்சல் ஆரம்பம்.

காசிமேடு மீன்பிடித் துறைமுகம் சென்னைத் துறைமுகத்தின் நிலத்தில் இருக்கிறது. சென்னைத் துறைமுகம் மத்திய அரசு அமைப்பு. அங்கே கேட்ட தகவல் வராவிட்டால் இரண்டாவது மேல்முறையீடு டெல்லியில் உள்ள மத்திய தகவல் ஆணையத்துக்குப் போகும். திருவொற்றியூர் குப்பம் சூரை மீன்பிடித் துறைமுகம் மாநில மீன்வளத்துறை கட்டியது. அதற்கு மாநிலத் தகவல் ஆணையம். இரண்டுக்கும் நடுவே சில கிலோமீட்டர்தான், ஆனால் கதவு வேறு.

யாரிடம் இருக்கிறது என்று தெரியாவிட்டாலும் மனுவை நிறுத்தி வைக்காதீர்கள். தகவல் உரிமைச் சட்டத்தின் 6(3) பிரிவின்படி, மனுவை வாங்கிய அலுவலகம் 5 நாளுக்குள் உரிய இடத்துக்கு மாற்றி அனுப்பியாக வேண்டும். கட்டணம் 10 ரூபாய்: மாநிலத்துக்கு கோர்ட் ஃபீ ஸ்டாம்ப், மத்திய அலுவலகத்துக்கு போஸ்டல் ஆர்டர். பதிலுக்கு 30 நாள். பதில் வராவிட்டாலும் அரைகுறையாக வந்தாலும் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதற்குப் பிறகு 90 நாளுக்குள் இரண்டாவது.

"ஏன் தூர்வாரவில்லை" என்று கேட்காதீர்கள். அது தகவல் இல்லை, விளக்கம் என்று தள்ளிவிடுவார்கள். ஆவண நகல் கேளுங்கள்.

நீரளவு:
எந்த ஆவணம் என்று நான் சொல்கிறேன். எஸ்டிமேட், வேலை உத்தரவு, எம்-புக் (செய்த வேலையை அளந்து எழுதும் பதிவேடு) பக்கங்கள், தூர்வாருவதற்கு முன்னும் பின்னும் எடுத்த ஆழ அளவீட்டு வரைபடங்கள், அந்த இரண்டு நாளுக்கும் உரிய கடல் மட்டப் பதிவு. கடைசியாகச் சொன்னதைத்தான் எல்லாரும் விட்டுவிடுவார்கள். விஷயமே அங்கேதான் இருக்கிறது.

சென்னைக் கடலில் ஏத்தத்துக்கும் வத்தத்துக்கும் அதிகபட்சம் ஒரு மீட்டர் போல வித்தியாசம் வரும். முன் அளவை வத்தத்திலும் பின் அளவை ஏத்தத்திலும் எடுத்துவிட்டு மட்டத் திருத்தம் போடாமல் கழித்தால், ஒரு கூடை மண் அள்ளாமலே ஆழம் கூடியதாகக் காகிதம் காட்டும். 100 மீட்டருக்கு 80 மீட்டர் இடம் என்று வையுங்கள், 8,000 சதுர மீட்டர். அரை மீட்டர் பிசகினால் 4,000 கன மீட்டர் மண்ணுக்குப் பில் எழுதலாம். வரைபடத்தில் ஆழம் எந்த மட்டத்திலிருந்து கணக்கிடப்பட்டது என்ற குறிப்பு இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் அந்தக் காகிதத்தை நம்பிப் பணம் கொடுத்ததே தவறு.

இன்னொன்று, அள்ளிய மணலைப் பார்ஜில் (மண் ஏற்றும் தட்டைப் படகில்) அளந்தால் தளர்ந்து, தண்ணீரும் சேர்ந்து கூடுதலாகக் காட்டும். தரையில் கிடந்த கனஅளவுக்குத்தான் பணம் தர வேண்டும். எந்த முறை என்று ஒப்பந்தத்தில் இருக்கும்.

அள்ளியதை எங்கே கொட்டினார்கள் என்றும் கேளுங்கள். நம் கரையில் வருடத்தில் பெரும்பகுதி மணல் வடக்கே நகர்கிறது, வடகிழக்குப் பருவமழைக் காலத்தில்தான் தெற்கே திரும்பும். சென்னைத் துறைமுகச் சுவர் அந்த மணலை மறித்ததால்தான் தெற்கே மெரினா அகலமானது, வடக்கே ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கரை அரித்தது. முகப்புக்குத் தெற்கே பக்கத்திலேயே கொட்டியிருந்தால் அதே மணல் திரும்ப வந்துவிடும்.

வடகரை:
நாங்களே கயிறு விட்டு அளந்தால் ஏற்பார்களா?

நீரளவு:
சர்வேக்குப் பதிலாக ஏற்க மாட்டார்கள். ஆனால் கூட்டு அளவீடு கேட்க அதுதான் ஆதாரம். நைலான் கயிறு இழுபடும், வேண்டாம். இழுபடாத கயிற்றை நனைத்து, கால் மீட்டருக்கு ஒரு முடிச்சு போடுங்கள். குண்டு மூன்று கிலோ. சேறு இருந்தால் குண்டு புதைந்து ஆழம் கூடிக் காட்டும், அதனால் அடியில் உள்ளங்கை அகலத் தகடு கட்டுங்கள். தளத்தின் தூண் ஒன்றில் பெயின்டால் அளவுக்கோடு போட்டு, ஒவ்வொரு முறை குண்டு விடும்போதும் மணியையும் தூணில் தண்ணீர் நிற்கும் கோட்டையும் எழுதுங்கள். இடத்தை "முகப்புக்கு அருகே" என்று எழுதினால் பயனில்லை. "விளக்குக் கம்பத்துக்கு நேராக, தளத்திலிருந்து 15 மீட்டர்" என்று இருக்க வேண்டும், போன் ஜிபிஎஸ்ஸையும் சேர்த்து. மழைக்காலம் ஒன்று கடந்துவிட்டால் தரை மாறிவிட்டது என்று சொல்லித் தப்பிக்க இடமுண்டு, ஆகவே சீக்கிரம் அளந்துவிடுங்கள்.

கம்பிக்காரர்:
தளத்தைப் பற்றி. ஏத்த வத்தத்தில் நனைந்து காயும் பகுதியை ஐஎஸ் 456 (கான்கிரீட்டுக்கான இந்தியத் தரவிதி) "எக்ஸ்ட்ரீம்", அதாவது எல்லாவற்றிலும் கடுமையான சூழல் என்று வகைப்படுத்துகிறது: கம்பிக்கு மேல் 75 மில்லிமீட்டர் கான்கிரீட், குறைந்தது எம்40 தரம். உப்பு உள்ளே போய் கம்பி துருப்பிடித்தால் பருக்கும், அந்த அழுத்தத்தில் கான்கிரீட் வெடித்து உதிரும். வெளியே மட்டும் கொத்திப் பூசினால் உள்ளே துரு வேலை செய்துகொண்டே இருக்கும். உங்கள் இடத்தில் பூச்சே பெயர்ந்தது அதனால்தான் இருக்கும். கம்பிக்குப் பின்னால் விரல் நுழையும் அளவு கொத்தி, துருவைச் சுரண்டி, உப்பு போக நல்ல தண்ணீரில் கழுவி, தேய்ந்த கம்பியை மாற்றிய பிறகுதான் ரிப்பேர் கலவை. எம்-புக்கில் இந்த வேலைகள் தனித்தனி வரியாக இருக்கின்றனவா, வெறும் "பூச்சு, இத்தனை சதுர மீட்டர்" என்று இருக்கிறதா என்று பாருங்கள்.

தகவல் உரிமைச் சட்டத்தின் 2(ஜே) பிரிவில் வேலையை நேரில் ஆய்வு செய்யவும், பொருளின் சான்றிட்ட மாதிரி எடுக்கவும் உரிமை உண்டு. பெயர்ந்த துண்டையே மாதிரியாகக் கேட்கலாம்.

கோப்புக்கட்டு:
ஒப்பந்தத்தில் டிஃபெக்ட் லயபிலிட்டி காலம் (குறைக்கு ஒப்பந்ததாரர் பொறுப்பேற்கும் காலம்) எதுவரை, பிடித்தம் வைத்த தொகை திருப்பித் தரப்பட்டதா என்ற கேள்வியையும் முதல் மனுவிலேயே சேருங்கள். காலம் முடியாவிட்டால் ஒப்பந்ததாரர் தன் செலவில் திரும்பச் செய்ய வேண்டும். அந்தத் தேதிக்கு முன்பே குறையை எழுத்தில் கொடுத்து, முத்திரை போட்ட நகலை வாங்கிக்கொள்ளுங்கள். பணம் கைக்குப் போய்விட்டால் அப்புறம் யாரும் தளத்துப் பக்கம் திரும்ப மாட்டார்கள்.