புதுப்பிப்பு: ஆக்சலோட்டல்கள் நாலடித் தொட்டிக்குப் போயாச்சு

இரண்டடித் தொட்டியில் இரண்டு ஆக்சலோட்டல்கள் (தண்ணீரிலேயே வாழும் சலமந்தர் வகை) நெருக்கியடிக்கின்றன, எப்படி மாற்றலாம் என்று போன மாதம் கேட்டிருந்தேன். சரி, நாலடித் தொட்டி வந்துவிட்டது, ஏறத்தாழ 250 லீற்றர்.

பழைய பில்டர் பஞ்சில் பாதியை வெட்டி, அதிலுள்ள நல்ல பக்டீரியா போய்விடாமல் இருக்கக் கழுவாமலே புதுத் தொட்டியில் போட்டேன். அப்படியும், இவற்றுக்கு நஞ்சான அமோனியாவும் நைட்ரைட்டும் பூச்சியத்துக்கு வர மூன்று கிழமை எடுத்தது. அதுவரை ஆக்சலோட்டல்களை மாற்றவில்லை. அடியில் கல் கிடையாது, விழுங்கிவிடும்; மெல்லிய மணல்தான். கல்லடிக் கடற்கரையில் அள்ளலாமே என்றார் அப்பா. உப்பும் சிப்பியும் வேண்டாமப்பா என்றேன்.

பெரிய தலையிடி சூடுதான். இவை மெக்சிகோவின் குளிர்ந்த ஏரிப் பிராணிகள், 16 முதல் 18 பாகை வேண்டும். மட்டக்களப்பில் தண்ணீர் சும்மா நின்றாலே 29. சில்லர் (தண்ணீரைக் குளிர்விக்கும் இயந்திரம்) இல்லாமல் நினைத்தும் பார்க்காதீர்கள். செவ்வாய் இரவு கரண்ட் போய் 22க்கு ஏறிவிட்டது. உறையவைத்த சோடாப் போத்தல்களை மாற்றி மாற்றி மிதக்கவிட்டபடி விடியும்வரை இருந்தேன்.

பெரியது அன்று காலையே மண்புழு தின்றது. சின்னது இன்னும் ஒளிந்துகொள்ளப் போட்ட குழாய்க்குள்தான். செவுள் தும்புகள் மட்டும் வெளியே ஆடுகின்றன.