மறு: ‘கற்றல் வலையமைப்பு’க்குப் பதிலாகப் ‘பழகுவலை’

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம். ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றுக்கொள்ள மக்களை இணைக்கும் ஏற்பாட்டுக்கு, நாம் மொழிபெயர்க்கும் கட்டுரையில் எந்தத் தமிழ்ச் சொல்லை வைப்பது என்பதுதான் பேச்சு. நான் சொல்வது ‘பழகுவலை’. அதற்கு நண்பர்கள் எழுப்பிய கேள்விகளை ஒவ்வொன்றாக மேற்கோள் காட்டிப் பதில் எழுதுகிறேன்.

> ‘சமூகக் கற்றல் வலையமைப்பு’ என்றே வைத்துக்கொள்ளலாமே. வலையமைப்பு ஏற்கெனவே நிலைத்துவிட்ட சொல். புதிதாக எதற்கு?

இதில்தான் எனக்கு உடன்பாடு இல்லை. வலையமைப்பு என்றதும் கம்பி, கோபுரம், கணினி இவைதான் மனத்தில் வருகின்றன. நாம் மொழிபெயர்க்கும் கட்டுரையில் வரும் முன்னோடிகளுக்கோ கருவி இரண்டாம்பட்சம். தெரிந்தவரையும் தெரிந்துகொள்ள விரும்புபவரையும் நேரே சேர்த்துவைப்பதுதான் அவர்கள் வேலை.

பள்ளிக்கல்வி முறையை விமர்சித்த சிந்தனையாளர் இவான் இல்லிச் 1971-இல் பள்ளிக்கு மாற்றாக நான்கு வழிகளைச் சொன்னார். கற்கத் தேவையான பொருள்கள் எங்கே கிடைக்கும், எந்தத் திறனை யார் சொல்லித் தருவார், அதே விஷயத்தைக் கற்க விரும்பும் இன்னொருவர் யார், அனுபவமுள்ள வழிகாட்டிகள் யார் யார் என்று எவரும் தேடிக்கொள்ள வகைசெய்யும் நான்கு ஏற்பாடுகள். அவற்றுக்குப் பெயர் வைக்கும்போது ‘வலை’ என்ற சொல்லையே அவர் விரும்பினார். ‘வலையமைப்பு’ என்பதற்கு நிகரான ‘நெட்வொர்க்’ என்ற ஆங்கிலச் சொல் அவருக்கு உறுத்தியது. வேறு யாரோ தேர்ந்தெடுத்ததை மக்களிடம் கொண்டுபோய்ச் சேர்க்கும் குழாய் என்ற பொருளில் அது புழங்குகிறது என்பது அவருடைய வருத்தம். லத்தீன் அமெரிக்காவில் தொலைக்காட்சிப் பெட்டிகளில் முடங்கிக் கிடக்கும் பணத்தில் பெரியவர்களில் ஐந்தில் ஒருவருக்கு டேப் ரிக்கார்டர் கொடுத்திருக்கலாம் என்று கணக்கும் சொன்னார். தொலைக்காட்சியைப் பார்க்கத்தான் முடியும். ரிக்கார்டரில் நாமும் பேசலாம். இந்தக் கருத்தைச் சொன்ன இல்லிச்சே தள்ளிவைத்த சொல்லை நாம் ஏன் தூக்கிச் சுமக்க வேண்டும்?

இந்த வேறுபாட்டை நம் நாட்டு வரலாற்றிலேயே உரசிப் பார்க்கலாம். 1975 ஆகஸ்டு முதல் ஓராண்டு, அமெரிக்காவின் ஏடிஎஸ்-6 செயற்கைக்கோள் வழியாக ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்களுக்குக் கல்வி நிகழ்ச்சிகள் போயின. இஸ்ரோவின் அந்த முயற்சி மீது எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. கல்வித் தொழில்நுட்ப வரலாற்றில் அதற்குப் பெரிய இடம் இருக்கிறது. ஆனால் அனுப்பியது ஒரு பக்கம், பார்த்தது இன்னொரு பக்கம். அதையும் இல்லிச் சொன்னதையும் ஒரே சொல்லில் அடைத்தால் படிப்பவருக்கு ஒன்றும் விளங்காது.

அப்புறம் கலிபோர்னியாவின் பெர்க்லி. 1973-இல் லீ ஃபெல்சென்ஸ்டைனும் நண்பர்களும் ஓர் இசைத்தட்டுக் கடையில் டெலிடைப் (தட்டச்சு செய்வதைத் தொலைவுக்கு அனுப்பி, வரும் பதிலை அச்சிடும்) இயந்திரம் ஒன்றை வைத்து, தொலைபேசி வழியாக சான்பிரான்சிஸ்கோவில் இருந்த கணினியோடு இணைத்தார்கள். கடைக்கு வருகிற யாரும் அதில் எழுதலாம், தேடலாம். பேகல் என்ற ரொட்டி இந்தப் பக்கத்தில் எங்கே நன்றாகக் கிடைக்கும் என்று ஒருவர் கேட்டிருந்தார். கடைகளைச் சொல்லிப் பதில்கள் வந்தன. இன்னொரு பதில் வேறு மாதிரி: பேகல் சுட்டே பிழைத்த ஒருவரின் தொலைபேசி எண்ணைக் கொடுத்து, அவர் உங்களுக்குச் செய்யக் கற்றுத் தருவார் என்று எழுதியிருந்தது. நாம் ஆக்கப்போகும் சொல் இந்தப் பதிலைத் தாங்க வேண்டும்.

இங்கே சேலத்தில், செவ்வாய்பேட்டைப் பக்கம் கொலுசுப் பட்டறையில் போய் நின்றால், “யார்கிட்டத் தொழில் பழகின?” என்றுதான் கேட்பார்கள். ‘கற்றாய்’ என்று யாரும் கேட்பதில்லை. ஏற்காட்டுத் தோட்டங்களில் சில்வர் ஓக் மரத்தில் மிளகுக்கொடி ஏற்றுவதும் பழகுகிற வேலைதான். சைக்கிள், நீச்சல், தவில் எல்லாமே நாம் பழகுபவை. கூடவே, ஒருவரோடு ஒருவர் சிநேகமாக இருப்பதற்கும் அதே சொல்: ‘நல்லாப் பழகுவார்.’ கற்பதும் உறவாடுவதும் ஒரே வினையில் நமக்கு முன்பே கிடைத்திருக்கின்றன. அதனால் என் பரிந்துரை பழகுவலை. ஊறுகாய், சுடுசோறு போல வினைத்தொகை, ஒற்று மிகாது. பழகிய, பழகுகின்ற, பழகும் வலை என மூன்று காலத்துக்கும் பொருந்தும்.

> வலை என்றால் சிக்கவைப்பது என்ற பொருள் வராதா?

‘வலை விரித்தான்’ என்பது உண்மைதான். ஆனால் வலைத்தளம், வலைப்பதிவு என்று வருடக்கணக்காகப் புழங்கி அந்த உறுத்தல் தேய்ந்துவிட்டது. நான் பயப்படுவது வேறு இடத்தில். இதில் சேர்ந்தவர்களைக் குறிக்க ‘பழகுவலையர்’ என்று யாராவது நீட்டிவிடக் கூடாது. வலையர் என்பது ஒரு சமுதாயத்தின் பெயர். ‘பழகுநர்’ என்பதும் வேண்டாம். அரசு ஆவணங்களில் தொழிற்பழகுநர் தனிப்பொருளில் நிலைத்திருக்கிறது. ‘பழகுவோர்’ போதும்.

ஒத்த ஆர்வமுள்ளவரைத் தேடிச் சேர்ப்பதற்குக் ‘கற்றுணை’ என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். ஓசை அழகுதான். ஆனால் ‘கற்’ என்பது கல்லையும் குறிக்குமே; தேவாரம் பாடுகிறவர் காதில் அப்பரைக் கடலில் தள்ளியபோது கட்டிய கல்தான் விழும். ‘படிப்புத்துணை’ எளிது, தெளிவு. எந்தத் திறனை யார் சொல்லித் தருவார் என்று தேடும் ஏற்பாட்டுக்குத் ‘திறன் பரிமாற்றம்’ என்பது இருந்தபடியே இருக்கட்டும்.

> சாதாரண ஜனங்கள் பேசுகிற சொல்லை அறிவியலுக்கு எடுப்பது சரியா?

சரிதான் என்பது என் உறுதியான எண்ணம். அறிவியல் சொற்களைத் தமிழில் ஆக்குவதற்கென்றே ராஜாஜி 1916-இல் சங்கம் தொடங்கியது இதே சேலத்தில்தான். வேதியியல், இயற்பியல், கணிதம் எல்லாவற்றுக்கும் எளிய தமிழ்ச் சொல் வேண்டும் என்பது அவர்கள் நோக்கம். படிக்கிற பிள்ளைக்கு வாயில் நுழைய வேண்டும், அதன் வீட்டாருக்கும் புரிய வேண்டும் என்றுதான் நானும் கேட்கிறேன்.

பழகுவலையைவிடப் பொருத்தமான சொல் இருந்தால் எழுதுங்கள், மகிழ்ச்சியாக ஏற்றுக்கொள்கிறேன். ஒரே ஒரு வேண்டுகோள்: உங்கள் சொல்லை அந்த பேகல் பதிலில் வைத்து ஒரு வாக்கியமாக எழுதிக் காட்டுங்கள்.

அன்புடன்,
சேலத்திலிருந்து